கேளுங்க, சொல்றேன்: கால் ஏக்கர் சட்டமும் பாய்காட் துரையும்

போன இதழ்ல "பாய்காட் பாய்காட்னு சொல்றோமே, அது என்ன வார்த்தை?"ன்னு ஒருத்தர் கேட்டதுக்கு, அயர்லாந்துல நிலச்சொந்தக்காரருக்காக குத்தகை வசூல் பண்ணிக்கிட்டு இருந்த ஒரு எஸ்டேட் ஏஜென்ட்டோட பேருங்கன்னு ஒரே வரியில முடிச்சுட்டேன். சோம்பேறித்தனம்தான், ஒத்துக்கறேன். அந்த ஒரு வரிக்கு வந்து குவிஞ்ச கேள்விங்களைப் பார்த்தா நம்ம ஆளுங்களுக்கு அயர்லாந்து மேல இவ்ளோ ஆர்வம் இருக்கான்னு ஆச்சரியமா இருக்கு. அதனால இந்த தடவை சினிமா, ஜோசியம் எல்லாத்தையும் ஓரங்கட்டிட்டு 19ஆம் நூற்றாண்டு அயர்லாந்து மட்டும்தான். சினிமா ஆளுங்க கோச்சுக்காதீங்க.

மதுரை வாசகர்: உருளைக்கிழங்கு அழுகிப் போய் பத்து லட்சம் பேர் செத்தாங்கன்னு படிச்சேன். ஒரே பயிரை நம்பி ஒரு நாடே எப்படி சார் உக்காந்திருக்கும்? கோதுமை கீதுமை போட்டிருக்கலாமே?

போட்டாங்களே! கோதுமை, ஓட்ஸ், பார்லி எல்லாம் அவங்க கையாலதான் விளைஞ்சுது, ஆனா அது வாய்க்கு இல்ல, குத்தகைக்கு. வருஷத்துக்கு ரெண்டு தவணை பணம் கட்டணும், தானியத்தை வித்தாத்தான் அந்தப் பணம், கட்டலேன்னா வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான். பன்னி ஒண்ணு வளர்ப்பாங்க, அதுவும் திங்கறதுக்கு இல்ல, வித்து குத்தகை கட்ட. "குத்தகை கட்டுற பெரிய மனுஷன்"னே அந்தப் பன்னிக்கு ஒரு பட்டப்பேரு உண்டு. சரி, அப்ப வீட்டுல எல்லாரும் எதைத் திங்கறது? மிச்சம் இருக்கற அரை ஏக்கர், ஒரு ஏக்கர்ல எதைப் போட்டா ஒரு குடும்பம் வருஷம் பூரா வயிறு ரொம்ப சாப்பிடும்னு பார்த்தா கிழங்கை விட்டா வேற வழியே கிடையாது. முட்டாள்தனம் இல்லைங்க, கணக்கு.

அந்தக் குத்தகை நிலம்கூட இல்லாத கூலி ஆளுங்க 11 மாசத்துக்கு, ஒரே ஒரு விளைச்சலுக்கு மட்டும், ஒரு துண்டு நிலத்தை வாங்கிக்குவாங்க, கோனேக்கர்னு பேரு. பன்னெண்டு மாசம்னு போட்டா குத்தகைதாரர்னு உரிமை கொண்டாடிடுவான்ல, அதான் 11 (நம்ம வீட்டு வாடகை அக்ரிமென்ட்டு ஞாபகம் வருதா?).

சாப்பாட்டைச் சொல்றேன். ஒரே ரூம் உள்ள மண்ணு வீடு, 1841 சென்சஸ்ல கிட்டத்தட்ட அஞ்சுல ரெண்டு வீடு இப்படித்தான். நடுவுல அடுப்பு. பெரிய இரும்புச் சட்டியில கிழங்கை வேக வெச்சு, ஒரு மூங்கில் கூடை மாதிரி பின்னின கூடையில கொட்டி தண்ணிய வடிச்சுட்டு, அந்தக் கூடையை அப்படியே சட்டி மேலயே வெச்சு எல்லாரும் சுத்தி உக்காருவாங்க, தட்டு கிட்டு எல்லாம் கிடையாது. தோலை உரிக்க கட்டை விரல் நகத்தை நீளமா வளர்த்து வெச்சிருப்பாங்க. தொட்டுக்க உப்பு, குடிக்க மோர். உழைக்கிற ஆம்பளை ஒரு நாளைக்கு அஞ்சு ஆறு கிலோ சாப்பிடுவான், அச்சுப்பிழை இல்ல, கிலோதான். மோரும் இல்லாத வீட்டுல ஒரு ஜோக் உண்டு, உத்தரத்துல தொங்குற கருவாட்டைப் பார்த்து கிழங்கை ஒரு நீட்டு நீட்டிட்டு வாயில போட்டுக்கறது, கருவாட்டைத் தொட்டுக்கிட்ட மாதிரி நினைச்சுக்கறது!

ஏழைங்க பெரும்பாலும் போட்டது லம்ப்பர்னு ஒரே ஒரு ரகம். தண்ணிச்சப்பான கிழங்கு, ஆனா எரு கம்மியா போட்டாலும் அள்ளிக் கொடுக்கும். 1845ல நோய் வந்துச்சு, அந்த வருஷம் ஒரு பங்கு போச்சு, 1846ல கிட்டத்தட்ட மொத்தமும் போச்சு. நேத்து பச்சையா இருந்த வயல் மறுநாள் கறுப்பா நாறிக் கிடக்கும். ஒரே ரகமா இருந்ததால ஒரு இடத்துல பிடிச்சது நாடு பூரா பிடிச்சுது.

சேலம் வாசகி: அவ்ளோ பேர் சாகும்போது கவர்மென்ட் என்னதான் பண்ணிக்கிட்டு இருந்துச்சு? பஞ்சத்துலயும் தானியத்தை கப்பல்ல ஏத்தி இங்கிலாந்துக்கு அனுப்பினாங்கங்கறது உண்மையா?

அனுப்பினது உண்மை. ஆனா 1847 மொத்தத்தையும் கூட்டிப் பார்த்தா வெளிய போனதைவிட உள்ள வந்த தானியம் ரொம்ப அதிகம், இதையும் சொல்லணும், இல்லேன்னா பாதிக் கதைதான். பிரச்சனை அந்த 46-47 குளிர்காலம். அயர்லாந்து ஓட்ஸ் துறைமுகத்தை விட்டுப் போய்க்கிட்டு இருக்கு, அமெரிக்க மக்காச்சோளம் இன்னும் வந்து சேரல, சேர்ந்தாலும் வாங்க காசு இல்ல. அந்த நாலஞ்சு மாசம் ஏத்துமதியை நிறுத்தியிருக்கலாமேன்னு அன்னைக்கே கேட்டாங்க. மார்க்கெட்ல கை வெச்சா வியாபாரி தானியமே கொண்டு வரமாட்டான்னு பதில் வந்துச்சு.

முதல் வருஷம் பிரிட்டன் பிரதமர் பீல் ஒரு லட்சம் பவுண்டுக்கு அமெரிக்க மக்காச்சோளம் சத்தமில்லாம வாங்கி இறக்கினார். கல்லு மாதிரி சோளம், அரைக்க மில்லு இல்ல, வேக வைக்கத் தெரியல, தின்னவனுக்கெல்லாம் வயித்தால போச்சு. மஞ்சளா இருக்கறதால "பீலோட கந்தகம்"னு திட்டிக்கிட்டே தின்னாங்க. இருந்தாலும் அந்த வருஷம் பட்டினிச் சாவு பெருசா இல்ல. 1846ல பீல் போய் ரஸ்ஸல் வந்தார், கஜானா டிபார்ட்மென்ட்ல சார்ல்ஸ் ட்ரெவிலியன்னு ஒரு அதிகாரி கையில எல்லாம் வந்துச்சு. அவர் கொள்கை என்னன்னா சும்மா சோறு போட்டா ஜனங்க கெட்டுப் போயிடுவாங்க, வேலை வாங்கிட்டுத்தான் கூலி கொடுக்கணும், அந்தக் கூலியும் மார்க்கெட் கூலியைவிட கம்மியா இருக்கணும். பட்டினி கிடக்கறவன் பனியில நின்னு கல்லு உடைச்சு ரோடு போட்டான். 1847 மார்ச்ல ஏழு லட்சம் பேர் இந்த வேலையில. கூலி வாரக்கணக்குல லேட்டாகும், வாங்கின கூலி விலைவாசிக்குப் பத்தாது, வேலை செஞ்ச இடத்துலயே விழுந்து செத்தவங்க உண்டு. எங்கயும் போய்ச் சேராம மலைச்சரிவுல பாதியில நிக்கிற ரோடு சிலது இப்பவும் அங்க இருக்கு.

அப்புறம் 1847ல அது சரிப்படலன்னு கஞ்சித்தொட்டி திறந்தாங்க. ஜூலையில தினமும் முப்பது லட்சம் பேருக்குச் சாப்பாடு! ரோடு வேலைக்கு ஆன செலவுல பாதிகூட ஆகல, சாவும் குறைஞ்சுது. அதாவது எப்படி காப்பாத்தறதுன்னு அந்த கவர்மென்ட்டுக்குத் தெரியும், செஞ்சு காட்டவும் செஞ்சாங்க, இலையுதிர் காலம் வந்ததும் இழுத்து மூடிட்டாங்க. ஆரம்பத்துலயிருந்தே தெரியலேன்னா ஒரு மாதிரி, தெரிஞ்சப்புறம் மூடினதை என்னால எந்தக் கணக்குலயும் சேர்க்க முடியல. அதுக்கப்புறம் "அயர்லாந்து ஏழையை அயர்லாந்து சொத்தே பாத்துக்கட்டும்"னு சொல்லி உள்ளூர் வரி மேல தள்ளிட்டாங்க. பஞ்சம் முழுசுக்கும் லண்டன் கஜானா செலவு பண்ணது 80 லட்சம் பவுண்ட் சுமார், அதுலயும் பெரும்பாலும் முதல்ல கடன்னு எழுதினது. 1833ல அடிமை முறையை ஒழிச்சப்ப அடிமை வெச்சிருந்த முதலாளிங்களுக்கு நஷ்டஈடா அதே கஜானா ஒதுக்கினது 2 கோடி பவுண்ட்.

ட்ரெவிலியனை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கேன்னு சென்னைக்காரங்க யோசிப்பீங்க. அவரேதான். 1859ல மெட்ராஸ் கவர்னரா வந்தார். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் பீப்பிள்ஸ் பார்க் அவர் யோசனைதான், பின்னாடி மூர் மார்க்கெட், ரிப்பன் பில்டிங் எல்லாம் அந்த இடத்துலதான் முளைச்சுது. இன்னொரு வேடிக்கை, கல்கத்தாவுல நிதி உறுப்பினரா இருந்த ஜேம்ஸ் வில்சன் போட்ட புது வரி இந்த ஜனங்களுக்கு ஆகாதுன்னு பகிரங்கமா எதிர்த்து, அதனாலயே 1860ல பதவி போய் ஊருக்குக் கிளம்பினார். அயர்லாந்துக்காரனுக்கு இரங்காத மனுஷன் மெட்ராஸ்காரனுக்காக வேலையை இழந்திருக்கார், என்ன சொல்ல.

யாழ்ப்பாணம் வாசகி: போன மாசம் நுவரெலியா போனனாங்கள். அங்க கிரகரி வாவி எண்டு இருக்குத்தானே, அந்தக் கிரகரிக்கும் ஐரிஷ் பஞ்சத்துக்கும் தொடர்பு எண்டு ஒராள் சொன்னார். மெய்யோ?

மெய்தான் அக்கா. வில்லியம் கிரகரி, கால்வே பக்கத்துப் பெரிய நிலச்சொந்தக்காரர், பஞ்ச காலத்துல டப்ளின் எம்பி. 1847ல நிவாரணச் சட்டத்துல அவர் ஒரு வரி சேர்த்தார், கால் ஏக்கருக்கு மேல நிலம் வெச்சிருக்கறவனுக்கு நிவாரணம் கிடையாது, வேணும்னா நிலத்தை விட்டுட்டு வரட்டும்னு. பார்லிமென்ட்ல ஓட்டெடுப்பு 117க்கு 7.

இந்த வரி என்ன செஞ்சுதுன்னு பாருங்க. அப்பன் ஒருத்தன் அஞ்சு ஏக்கர் வெச்சிருக்கான், பயிர் இல்ல, புள்ளைங்க பட்டினி. நிலத்தை விட்டா இன்னைக்குக் கஞ்சி, ஆனா நாளைக்கு நடுத்தெரு. விடலேன்னா நிலம் இருக்கும், புள்ளைங்க இருக்காது. இதோட இன்னொரு சட்டம் சேர்ந்துக்கிச்சு, வருஷ மதிப்பு 4 பவுண்டுக்குக் கீழ உள்ள துண்டு நிலத்துக்கெல்லாம் ஏழை வரியை (ஏழைங்க நிவாரணத்துக்காக வாங்கற உள்ளூர் வரி) நிலச்சொந்தக்காரரே கட்டணும். அவர் பார்த்தார், சின்னக் குத்தகைக்காரன் ஒவ்வொருத்தனும் எனக்குச் செலவு, ஆளைத் துரத்து. கடப்பாரைப் படைன்னே பேரு, போலீஸ் பாதுகாப்போட வருவாங்க, கூரை உத்தரத்துல கயித்தைக் கட்டி இழுத்து சாய்ச்சுட்டுப் போவாங்க, திரும்பி வந்து ஒண்டிடக்கூடாதுன்னு. 1849ல இருந்து 54 வரைக்கும் போலீஸ் கணக்குப்படியே ரெண்டரை லட்சம் பேர் இப்படி வெளிய போனாங்க. 1841ல ஒரு ஏக்கருக்கு மேல உள்ள குத்தகைல 45 சதவீதம் அஞ்சு ஏக்கருக்குள்ள இருந்துச்சு, பத்தே வருஷத்துல அது 15 சதவீதம் சொச்சம்.

கிரகரி 1872ல சிலோன் கவர்னரா வந்தார், வாவி கட்டினார், கொழும்பு மியூசியமும் அவர் காலத்துதான். அவர் ரெண்டாவது மனைவி லேடி கிரகரி பின்னாடி டப்ளின்ல ஐரிஷ் நாடக அரங்கு தொடங்கினவங்கள்ல ஒருத்தர். அடுத்த தடவை படகு விடும்போது கால் ஏக்கரை நினைச்சுக்கங்க.

கோயம்புத்தூர் வாசகர்: அங்க படிச்சவங்க, பொருளாதாரம் தெரிஞ்சவங்க யாருமே முன்கூட்டி சொல்லலையா?

சொன்னாங்களே, ரிப்போர்ட்டே போட்டாங்க! ரிச்சர்ட் வேட்லின்னு டப்ளின் ஆர்ச்பிஷப், ஆக்ஸ்போர்டுல பொருளாதாரம் சொல்லிக் கொடுத்த ஆளு. அவர் தலைமையில 1833ல இருந்து மூணு வருஷம் ஒரு கமிஷன் ஊர் ஊரா போய் விசாரிச்சுது. வருஷத்துல 30 வாரம் 23 லட்சத்து 85 ஆயிரம் பேர் கஷ்டத்துல இருக்காங்க, இங்கிலாந்துல பண்ற மாதிரி வொர்க்ஹவுஸ் (கதியத்தவங்களை உள்ள வெச்சு வேலை வாங்கிக்கிட்டு சோறு போடற இல்லம்) கட்டினா சரிப்படாது, அங்க வேலை இருந்தும் செய்யாதவனை பயமுறுத்த அதைக் கட்டினீங்க, இங்க வேலையே இல்லையே, அதனால சதுப்பு நிலத்தை வடிங்க, ரோடு போடுங்க, போக விரும்பறவனுக்கு கப்பல் டிக்கெட் போட்டுக் கொடுங்கன்னு எழுதினாங்க. லண்டனுக்குப் பிடிக்கல, செலவு ஜாஸ்தி. ஜார்ஜ் நிகோல்ஸ்னு ஒருத்தரை அனுப்பினாங்க, அவர் சில வாரம் ஒரு டூர் அடிச்சுட்டு வொர்க்ஹவுஸே போதும்னு எழுதிக் கொடுத்தார். மூணு வருஷ விசாரணை குப்பைக்குப் போச்சு, 1838ல சட்டமாச்சு, நாட்டை 130 வட்டாரமா பிரிச்சு வட்டாரத்துக்கு ஒரு வொர்க்ஹவுஸ். உள்ள போனா புருஷன் தனி, பொண்டாட்டி தனி, புள்ளைங்க தனி. வேணும்னேதான். உள்ள வர்றவன் உண்மையிலேயே கதியத்தவனான்னு தெரிஞ்சுக்க அதுதான் டெஸ்ட்டாம்.

1847ல, பஞ்சம் உச்சத்துல இருக்கும்போது, டப்ளின் ஸ்டாடிஸ்டிகல் சொசைட்டின்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, முதல் தலைவர் அதே வேட்லி. வக்கீலுங்க, புரொபசருங்க கூடி உக்காந்து கட்டுரை வாசிப்பாங்க, ஏழை வரி, நிலச்சட்டம், ரயில்வே, அடகுக்கடை வட்டி, ஜெயிலு எல்லாத்தையும் பத்தி. ஜான் பாரிங்டன்னு ஒரு டப்ளின் வியாபாரி உழைக்கிற ஜனங்களுக்குப் பொருளாதாரம் சொல்லிக் கொடுக்கணும்னு உயில்ல பணம் எழுதி வெச்சிருந்தார், அந்த சொற்பொழிவுகளையும் இந்த சொசைட்டி எடுத்து நடத்துச்சு. எனக்கு இதுல ஒரு உறுத்தல் உண்டு. ஆரம்பத்துல இவங்கள்ல நிறைய பேர் சுதந்திர மார்க்கெட் எல்லாத்தையும் சரி பண்ணும்னு முழுசா நம்பினவங்க. பசியில கிடக்கறவனுக்கு விலை எப்படி நிர்ணயமாகுதுன்னு லெக்சர் கொடுக்கறது கொஞ்சம் ஓவர்தான். ஆனா எண்ணிக் கணக்கெடுத்து வாதாடற பழக்கத்தை அவங்கதான் வளர்த்தாங்க, நிலச்சட்டத்தை மாத்தணும்னு பின்னாடி பேசினதுக்கும் அந்த கணக்குங்கதான் கை கொடுத்துச்சு.

தஞ்சாவூர் வாசகர்: சரி, அந்த பாய்காட் கதையை இப்பவாவது முழுசா சொல்லுங்க.

சொல்றேன், கடன் பாக்கி. 1870கள்ல பாதி அயர்லாந்து 750 குடும்பம் சுமாருக்குச் சொந்தம். 1877லயிருந்து மூணு வருஷம் மழையில விளைச்சல் போச்சு, அமெரிக்க தானியம் மலிவா வந்து விலையும் விழுந்துச்சு, குத்தகை மட்டும் அப்படியே நின்னுச்சு. 1879 அக்டோபர்ல டப்ளின்ல லேண்ட் லீக்னு குத்தகைக்காரங்களுக்காக ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. தலைவர் பார்னெல், அவரே ஒரு நிலச்சொந்தக்காரர். மூளை மைக்கேல் டாவிட். மேயோ மாவட்டத்துல ஸ்ட்ரெய்ட்ங்கற ஊர்ல பஞ்ச காலத்துல வீட்டை விட்டுத் துரத்தின குடும்பம் அவருது, அப்ப அவருக்கு நாலு வயசு, இங்கிலாந்து போய் பஞ்சாலையில வேலை செஞ்சு 11 வயசுல வலது கை மெஷின்ல போச்சு. அவங்க கேட்டது மூணு. நியாயமான குத்தகை, கட்டிக்கிட்டு வர்ற வரைக்கும் வெளிய தள்ளக்கூடாது, போகும்போது நான் செஞ்ச மராமத்துக்கும் என் உரிமைக்கும் விலை வாங்கிக்கிட்டுப் போக விடணும்.

மேயோல லாஃப் மாஸ்க் ஏரிக்கரையில லார்ட் எர்னோட ஏஜென்ட்டா இருந்தவர்தான் கேப்டன் சார்ல்ஸ் பாய்காட். 1880ல லார்டு குத்தகையில 10 சதவீதம் தள்ளுபடின்னார், ஜனங்க 25 கேட்டாங்க. செப்டம்பர்ல வெளியேத்தற நோட்டீஸ் கொண்டு வந்த ஆளை பொம்பளைங்க கல்லும் சாணியும் அடிச்சு ஓட விட்டாங்க. மறுநாள்ல இருந்து பாய்காட்டுக்கு வேலைக்காரன் இல்ல, துணி வெளுக்க ஆள் இல்ல, குதிரைக்கு லாடம் அடிக்க கொல்லன் இல்ல, பக்கத்து ஊர் பாலின்ரோப் கடையில சாமான் இல்ல, தபால்கூட சரியா வரல. யாரும் அவரை அடிக்கல, அதைக் கவனிங்க. நம்ம பாஷையில அன்னந்தண்ணி புழங்காம ஊர்விலக்கு வெச்சாங்க. நம்ம பக்கம் ஊர்விலக்குன்னா பெரும்பாலும் பெரிய கை சின்ன கை மேல வைக்கிறது, அங்க கீழ இருந்தவங்க மேல திருப்பி வெச்சுட்டாங்க.

அவர் லண்டன் பேப்பருக்கு லெட்டர் போட்டார், பெரிய பரபரப்பு. வடக்க அல்ஸ்டர்ல இருந்து 50 ஆளுங்க வந்தாங்க அறுவடை பண்ண, அவங்களுக்குக் காவலா கிட்டத்தட்ட ஆயிரம் பேர் பட்டாளமும் போலீசும். நவம்பர் மழையில கிழங்கும் டர்னிப்பும் தோண்டினாங்க, காவலுக்கு வந்த பட்டாளம் அவர் தோட்டத்து மரத்தையே வெட்டி குளிர் காய்ஞ்சுது. 500 பவுண்ட் பயிரை எடுக்க 10,000 பவுண்ட் செலவுன்னு அப்ப கணக்கு சொன்னாங்க. இதுக்கு என்ன பேரு வைக்கறதுன்னு அமெரிக்க பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் யோசிச்சுக்கிட்டு இருந்தப்ப, அவர் சொன்ன பெரிய இங்கிலீஷ் வார்த்தை குடியானவங்க வாயில நுழையாதுன்னு உள்ளூர் பாதிரியார் ஜான் ஓமேலி "பாய்காட் பண்றோம்னே சொல்லுவோமே"ன்னாராம்.

மறு வருஷமே, 1881ல, பிரதமர் கிளாட்ஸ்டன் லீக் கேட்ட அந்த மூணையும் சட்டமாக்கினார். தலைவருங்க ஜெயில்ல இருந்த நேரம் இயக்கத்தை பார்னெல் தங்கச்சி அன்னாவும் பெண்களும் நடத்தினாங்க, வெளிய தள்ளின குடும்பங்களுக்கு மரக்குடிசை கட்டிக் கொடுத்தாங்க. வெளிய வந்த அண்ணன் முதல் வேலையா அந்தப் பெண்கள் அமைப்புக்குப் பண வழியை அடைச்சார், அதுக்கப்புறம் அந்தம்மா அவர்கூட பேசலயாம். கடைசியில 1903 சட்டப்படி கவர்மென்ட் கடன் கொடுத்து குத்தகைக்காரங்களே நிலத்தை வாங்கினாங்க, 68 வருஷத்துக்கு மேல ஈஎம்ஐ. நிலமெல்லாம் நாட்டுக்கே சொந்தமாகணும்னு டாவிட் கேட்டது நடக்கல. குத்தகையே இல்லாத கூலிக்காரனுக்கு இதுல பெருசா ஒண்ணும் வரல, அதைப் பத்தி நம்மளை மாதிரியே அவங்களும் கம்மியாத்தான் பேசினாங்க.

விருதுநகர் வாசகி: அங்கயும் வரதட்சணை உண்டுன்னு என் அத்தைப் பொண்ணு சொல்றா, நான் நம்பல.

நம்புங்க. பஞ்சத்துக்கு முன்னாடி ஆளுக்குக் கொஞ்சம்னு நிலத்தைப் பங்கு போட்டு இளவயசுலயே கல்யாணம் பண்ணாங்க. பஞ்சத்துக்கு அப்புறம் பங்கே கிடையாது, ஒரு பையனுக்கு மொத்த நிலம், ஒரு பொண்ணுக்குப் பணமும் மாடும் கொடுத்து கல்யாணம், தரகர் வெச்சு மாட்டுச்சந்தை முடிஞ்ச கையோட பேரம். மத்த புள்ளைங்களுக்கு அமெரிக்கா கப்பல், இல்லேன்னா மடம். பொண்ணுங்களும் பசங்க அளவுக்கே தனியா கப்பல் ஏறிப் போய், வீட்டு வேலை செஞ்சு, அடுத்த தங்கச்சிக்கு டிக்கெட் அனுப்பினாங்க. கிளம்புற முந்தின ராத்திரி ஊரே கூடி பாட்டும் அழுகையுமா இருக்கும், சாவு வீட்டுக்குச் சொல்ற பேரையே அதுக்கும் வெச்சிருந்தாங்க. 1841ல 81 லட்சத்துக்கு மேல இருந்த ஜனத்தொகை 1901ல 45 லட்சத்துக்கும் கீழ.

திருச்சி வாசகர்: அவங்க மொழி எங்க சார் போச்சு?

அதே கப்பல்ல பாதி போச்சு. சாவும் கப்பலும் அதிகமா பிடிச்சது ஐரிஷ் பேசின மேற்குப் பக்கத்தைத்தான். 1831ல வந்த அரசு ஸ்கூல்ல பாடம் இங்கிலீஷ்ல. சில ஊர்ல புள்ளைங்க கழுத்துல ஒரு குச்சி கட்டி விடுவாங்க, ஐரிஷ் பேசினா பேசினதுக்கு ஒரு வெட்டு, சாயங்காலம் வெட்டை எண்ணி அடி. பெத்தவங்களே சம்மதிச்சாங்க, அமெரிக்கா போற புள்ளைக்கு ஐரிஷ் எதுக்குன்னு. 1851ல 15 லட்சம் பேர் பேசினது 1891ல 7 லட்சத்துக்கும் கீழ.

திண்டுக்கல் வாசகர்: பாய்காட் துரை கடைசியில என்ன ஆனார்?

1880 டிசம்பர்ல குடும்பத்தோட கிளம்பிட்டார். டப்ளின்ல தங்கின ஹோட்டல்காரருக்கே மிரட்டல் கடிதம் வந்து, இடம் கொடுக்க மாட்டேன்னு சொல்லிட்டார். அப்புறம் இங்கிலாந்துல சஃபோக் பக்கம் ஒரு எஸ்டேட்ல அதே ஏஜென்ட் வேலைக்குச் சேர்ந்து 1897ல காலமானார். நடுவுல லீவு போட்டா எங்க போவார்னு நினைக்கிறீங்க? அயர்லாந்துக்குத்தான்.